குப்பைத் தொட்டியில் உருளைக்கிழங்கு

ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தில் கேட் கெல்லர் மேடைக்கு வந்ததும் முதலில் விசாரிப்பது ஒரு பையைப் பற்றி. சமையலறைக் கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த பை எங்கே போயிற்று? கணவர் ஜோ அதைக் குப்பை என்று நினைத்துக் கொல்லைப்புறத் தொட்டியில் போட்டுவிட்டார். உள்ளே இருந்தது உருளைக்கிழங்கு. அதைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார் கேட். கையில் காசு வந்து, வீட்டுக்கு வேலையாளும் வந்தபின்னும் மனைவிக்கு ஓய்வில்லை என்று ஜோ அலுத்துக்கொள்கிறார். மகன் கிறிஸ் சிரிக்கிறான்.

ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தப் பேச்சைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதே கொல்லையில் நாலடி தள்ளி முறிந்து கிடக்கும் ஆப்பிள் மரத்தைப் பற்றிப் படித்தவற்றுக்குக் கணக்கே இல்லை.

கல்லூரியில் இந்த நாடகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஆப்பிள் மரம் எதைக் குறிக்கிறது என்பது தேர்வுக்குத் தயார் செய்துகொண்டு போகவேண்டிய கேள்வி. போரில் காணாமல் போன மகன் லாரியைக் குறிக்கிறது, ஏதேன் தோட்டத்து விலக்கப்பட்ட கனியைக் குறிக்கிறது, அமெரிக்கக் கனவு முறிந்ததைக் குறிக்கிறது என்று மூன்றையும் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். நானும் எழுதினேன். கைடு புத்தகங்கள் மட்டும் சொல்லும் விடை இல்லை இது. பெரிய விமர்சகர்களும் மேடையமைப்பாளர்களும் இதையேதான் சொல்லிவந்திருக்கிறார்கள். குடும்பச் சண்டை நடக்கும் நாடகத்தில் தோட்டம் வந்தால் அது இழந்த சொர்க்கம். வேலி வந்தால் மனசுக்குள் எழுந்த சுவர். விதை வந்தால் நம்பிக்கை. 1879-இல் இப்சன் 'பொம்மை வீடு' எழுதிய நாளிலிருந்து குடும்பச் சண்டைக்கு உரிய இடம் நான்கு சுவர் கொண்ட கூடம்தான். அதை விட்டு நாடகாசிரியர் தோட்டத்துக்குப் போனால் அர்த்தம் ஏற்றத்தான் போகிறார் என்பது இவர்கள் கட்சி.

இந்தக் கட்சி நாடகத்தைக் கொன்றுவிடுகிறது என்பது என் கட்சி. மேடையில் இருக்கும் வீட்டுத் தோட்டம் முதலில் வேலை நடக்கும் இடம். இலை கூட்டி எரிப்பதும், பலகை அறுப்பதும், குப்பை கொட்டுவதும் அங்கேதான். மண் யார் பணத்தில் வாங்கியது, வேலையை யார் செய்தார், யார் செய்யாமல் நழுவினார் என்ற கணக்குகள் தீராமல் கிடப்பதும் அங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் நுழையக்கூடிய ஒரே இடமும் அதுவே. சண்டை அங்கே வெடிக்க இவ்வளவு போதும். இழந்த சொர்க்கத்தைக் கொண்டுவந்து நட வேண்டியதில்லை.

நம்மை இப்படிப் பார்க்கப் பழக்கியது செகாவின் 'செர்ரித் தோட்டம்' என்று நினைக்கிறேன். தப்பு செகாவுடையது இல்லை. 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கம் மேடையேற்றிய அந்த நாடகத்தில் ஓர் அங்கம்கூடத் தோட்டத்துக்குள் நடப்பதில்லை. முதலும் கடைசியும் குழந்தைகள் அறையில், இரண்டாவது, கைவிடப்பட்ட சிறு தேவாலயம் ஒன்றின் பக்கத்தில், வெட்டவெளியில், மூன்றாவது வரவேற்பறையில். தோட்டம் ஜன்னலுக்கு வெளியே பூத்து நிற்கிறது. அதன் சொந்தக்காரி ரனேவ்ஸ்கயா உள்ளே நின்று பார்க்கிறார். செத்துப்போன அம்மா வெள்ளை உடையில் நடந்து போவதுபோல் தெரிகிறது. நமக்கு மனசில் நின்றுவிட்டது அந்த வெள்ளை உடைதான். அதே நாடகத்தில் கிழட்டு வேலைக்காரர் ஃபிர்ஸ் வேறொன்று சொல்கிறார்: நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழங்களை உலர்த்தி, ஊறப்போட்டு, வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்கோவுக்கும் அனுப்பினார்கள். செய்முறை இப்போது யாருக்கும் நினைவில்லை. அந்த மரம் ஒவ்வொன்றின் பின்னாலும் அடிமைகளின் முகம் இருக்கிறது என்று மாணவன் த்ரோஃபிமோவ் சொல்கிறான். அடிமைக் குடும்பத்தில் பிறந்த லோப்பாஹின் ஆயிரம் தெஸ்யாத்தின் நிலத்தில் கசகசா விதைத்து நாற்பதாயிரம் ரூபிள் எடுத்த கணக்கைச் சொல்லிவிட்டு, அந்தப் பூக்கள் எவ்வளவு அழகு என்றும் சொல்கிறார். விதைத்தவர் கண்ணுக்கும் அழகு தெரிகிறது, விளைச்சலோடு சேர்ந்து தெரிகிறது. மண்ணில் கை வைக்காத குடும்பத்துக்குத்தான் தோட்டம் வெறும் கனவாக நிற்கிறது என்பதைச் செகாவ் இவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்கும்போது, விமர்சகர்கள் ரனேவ்ஸ்கயாவின் ஜன்னலை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு எழுதப்பட்ட கொல்லைகளையெல்லாம் அதன் வழியாகவே பார்த்தார்கள்.

மில்லரின் கொல்லைக்கு வருவோம். நாடகம் முதலில் மேடையேறியது 1947 ஜனவரி 29, நியூயார்க் கரோனெட் அரங்கில், எலியா கசானின் இயக்கத்தில். அமெரிக்க ஊர் ஒன்றின் ஓரம், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பக்கமும் நெருக்கமாக வளர்ந்த பாப்லர் மரங்கள். ஜோ கெல்லரின் தொழிற்சாலை போர்க்காலத்தில் விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட்களை விமானப்படைக்கு அனுப்பியது. பி-40 விமானங்கள் விழுந்து 21 விமானிகள் செத்தார்கள். பழி கூட்டாளி ஸ்டீவ் தலையில் விழுந்து அவர் சிறையில் இருக்கிறார். ஜோ மேல்முறையீட்டில் விடுதலையாகி வந்துவிட்டார். இளைய மகன் லாரியும் விமானி, காணாமல் போய் மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. அவன் நினைவாக நட்ட ஆப்பிள் மரம் முந்தின இரவுக் காற்றில் முறிந்துவிட்டது. ஸ்டீவின் மகள் ஆன், ஒருகாலத்தில் லாரிக்கு நிச்சயமானவள், இப்போது கிறிஸை மணக்க வந்திருக்கிறாள்.

இந்த மரத்தைக் குறியீடாகப் படிப்பவர் யார் என்று நாடகத்திடமே கேட்டுப் பார்க்கலாம். முதல் ஆள் கேட். ஆன் வந்த அன்றைக்கே மரம் விழுந்ததில் அர்த்தம் இருக்கிறது, லாரி உயிரோடிருக்கிறான், அவனைப் புதைக்க எல்லோரும் அவசரப்பட்டுவிட்டார்கள் என்கிறார். இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டு ஃபிராங்க். லாரி காணாமல் போன நவம்பர் 25 அவனுக்கு நல்ல நாளா என்று ஜாதகம் கணித்துக்கொண்டிருக்கிறார். மில்லர் இந்த நாடகத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர்கூட தனுசு ராசியை வைத்து அமைந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார். கேட்டுக்கு ஏன் அடையாளம் தேவைப்படுகிறது? லாரி இறந்தான் என்று ஒப்புக்கொண்டால் அவனை அவன் அப்பாவே கொன்றதாகும். அந்த உண்மை வீட்டுக்குள் வராமல் இருக்க மரம், கனவு, நட்சத்திரம் எல்லாம் வேண்டியிருக்கிறது. பொய்யைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டை இந்தக் குறியீட்டு வாசிப்பு. ஆப்பிள் மரம் லாரியைக் குறிக்கிறது என்று எழுதும் விமர்சகர் தன்னை அறியாமல் ஃபிராங்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

கிறிஸ் என்ன செய்கிறான்? இரண்டாம் அங்கம் தொடங்கும்போது அந்தி நேரம். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு ரம்பத்தால் மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறான். விழுந்த மரத்தை அப்புறப்படுத்த வேண்டும், விருந்தாளி வந்திருக்கிறாள், வேலை அவ்வளவுதான். அம்மாவின் மூன்று வருஷ நம்பிக்கையை எதிர்த்து அவன் இதுவரை அரைகுறையாகத்தான் வாய் திறந்திருக்கிறான். ரம்பத்தின் ஓசைதான் அவன் முதல் உறுதியான பேச்சு. இதை எழுதுவதற்குக் கூடம் உதவாது. கூடத்தில் ஒரு மகன் அம்மாவோடு வாதாடத்தான் முடியும். கொல்லையில் அவன் வேலை செய்கிறான், அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டார் விஷயம் இதைவிட முக்கியம். திரை எழும்போது மேடையில் ஜோவோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் டாக்டர் ஜிம். அவர் இப்போது குடியிருப்பது ஸ்டீவின் குடும்பம் இருந்த வீட்டில். ஃபிராங்க் வருகிறார், அவர் மனைவி லிடியா வருகிறாள், தெருப் பையன் பெர்ட் போலீஸ் விளையாட்டு விளையாட வருகிறான். ஜோ வீட்டு நிலவறையில் ஒரு ஜெயில் இருப்பதாகப் பிள்ளைகள் நம்புகிறார்கள். ஜோவே அந்த நம்பிக்கையை வளர்த்திருக்கிறார். விடுதலையான அன்று காரைத் தெருமுனையிலேயே விட்டு இறங்கி, எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க நடந்து வந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். ஜிம்மின் மனைவி ஸூ, அதே கொல்லையில் நின்று ஆனிடம் உண்மையைப் போட்டு உடைக்கிறாள்: தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஜோ கெட்டிக்காரர் என்று மெச்சிக்கொண்டே அவரோடு சீட்டாடுகிறார்கள். குற்றத்துக்கு ஒரு தெருவே துணைபோவதைக் கூடத்தில் எப்படிக் காட்டுவது? கூடத்துக்கு வருகிறவர்கள் அழைத்தால் வருகிறார்கள், மரியாதைக்குப் பேசிவிட்டுப் போகிறார்கள். கொல்லைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பவர்கள். தெரிந்தும் பேசாமலிருப்பதை அன்றாடப் பழக்கமாக்கிக்கொண்ட ஜனங்களை அங்கேதான் பார்க்க முடியும்.

ஆனின் அண்ணன் ஜார்ஜ் வரும் காட்சியைப் பாருங்கள். சிறையில் அப்பாவைப் பார்த்துவிட்டு, தங்கையைக் கையோடு கூட்டிப்போகும் ஆத்திரத்தில் வருகிறான். கேட் அவனுக்குத் திராட்சைச் சாறு கொடுக்கிறார், மெலிந்துவிட்டாயே என்கிறார், அவன் ஒருகாலத்தில் ஆசைப்பட்ட லிடியா வேலியோரமாக வந்து எட்டிப் பார்க்கிறாள். ஜார்ஜ் இளகுகிறான், இந்த இடத்தைத் தவிர வேறெங்கும் வீடாகத் தோன்றியதில்லை என்கிறான். அவனை இளக்கியது அவன் வளர்ந்த பக்கத்துக் கொல்லையின் பழக்கம். அந்த இளக்கத்தில்தான் கேட் வாய் தவறுகிறார்: ஜோ பதினைந்து வருஷமாக ஒருநாள் படுத்ததில்லை. பாகங்கள் அனுப்பிய அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன் என்பதுதானே ஜோவின் ஒரே தற்காப்பு! வழக்கறிஞர் கேள்வியில் வெளிவராத உண்மை ஒரு டம்ளர் சாற்றை நீட்டும் உபசாரத்தில் வெளிவந்துவிடுகிறது. 1948-இல் எடுத்த திரைப்படம் கதையைக் கொல்லையை விட்டுச் சிறைவரைக்கும் கொண்டுபோனது. நாடகம் மூன்று அங்கமும் அங்கேயே நிற்கிறது. லாரியின் கடைசிக் கடிதம் படிக்கப்படுவதும் அந்தக் கொல்லையில், அதிகாலை இரண்டு மணிக்கு மேல். ஜோ கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் போகிறார். துப்பாக்கிச் சத்தம் உள்ளிருந்து கேட்கிறது. ஒளிவதும் சாவதும் வீட்டுக்குள். பதில் சொல்ல வேண்டியது வெளியே.

என் எதிர்க்கட்சிக்கு இருப்பதிலேயே வலுவான சாட்சி மேடையமைப்பாளர் மோர்டக்காய் கோரலிக். மில்லரே தன்வரலாற்று நூலில் இதைச் சொல்கிறார். கோரலிக் கொல்லையின் நடுவில் ஒரு மேடு வைத்தார். நடிகர்கள் அதில் தடுக்கித் தடுக்கி விழப் போனார்கள். எதற்கு இது என்று கேட்டபோது, நீங்கள் எழுதியிருப்பது இடுகாட்டு நாடகம், அந்த மகன் இந்த மண்ணில்தான் கிடக்கிறான் என்ற பொருளில் பதில் சொன்னார். குறியீட்டுக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். ஆகாயத்தில் ஒரு வெளிச்சத்தைத் தொங்கவிடவில்லை, சுவரில் ஓர் ஓவியத்தை மாட்டவில்லை. மண்ணை உயர்த்தி, நடிகரின் கணுக்காலை நம்பி விட்டுவிட்டார். பார்வையாளர் மேட்டின் பொருளைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நடப்பவர்கள் நிம்மதியாக நடக்கவில்லை என்பதைப் பார்த்திருப்பார்கள். கோரலிக் பேசியது என்னவாக இருந்தாலும் அவர் கை என் கட்சியில் இருந்தது.

ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்ஸஸ்' நாடகத்துக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அதன் பெயரிலேயே வேலி இருப்பதால் விமர்சனம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. சிலர் வேலி போடுவது மற்றவரை வெளியே நிறுத்த, சிலர் போடுவது உள்ளே இருப்பவரைப் பிடித்துவைக்க என்று போனோ சொல்லும் இடத்தை எல்லோரும் அடிக்கோடிடுகிறார்கள். அந்தப் பேச்சு எப்போது வருகிறது என்று பார்ப்பவர் குறைவு. நண்பன் டிராயோடு சேர்ந்து பலகை அறுக்கும்போது வருகிறது. இந்தக் கெட்டி மரம் எதற்கு, பைன் மரமே போதாதா என்ற வாக்குவாதத்துக்குப் பிறகு வருகிறது. டிராய்க்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று தெரிந்துகொண்ட நண்பன், மனைவி ரோஸுக்கு அநியாயம் செய்யாதே என்று நேராகச் சொல்லத் தயங்கி, வேலையைச் சாக்கிட்டுச் சொல்லும் பேச்சு. உடனே ஒரு பந்தயமும் கட்டுகிறார்கள்: நீ வேலியை முடிக்கும் அன்று நான் என் மனைவி லூசிலுக்கு ஃபிரிட்ஜ் வாங்கித் தருகிறேன். பின்னால் ஒரு நாள், மனசு விட்டுப்போன இரண்டு சிநேகிதர்களும் சந்திக்கும்போது பேச முடிவது இந்த ஒன்றைத்தான்: வேலி முடிந்தது, ஃபிரிட்ஜும் வாங்கியாயிற்று. பழைய நட்பு போய்விட்டது. வாக்கு மட்டும் இரு பக்கமும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. எனக்கு அந்த நாடகத்திலேயே தொண்டையை அடைக்கும் இடம் அது. வேலியை மனச்சுவராகப் படிக்கிறவருக்கு ஃபிரிட்ஜை எங்கே வைப்பது என்று தெரியாது, ஆகையால் விட்டுவிடுவார்.

1957, பிட்ஸ்பர்க். குறுகிய சந்திலிருந்து உள்ளடங்கிய பழைய செங்கல் வீடு. மண் தரை, பாதி வேலி, பலகை அடுக்கு, குப்பைக்கு இரண்டு எண்ணெய் டிரம், மரக்கிளையில் கந்தலைச் சுற்றிக் கட்டிய பந்து. வீட்டுக்குள் போக ஒரே வழி இந்த முற்றம் என்று வில்சன் குறிப்பு எழுதுகிறார். டிராய் குப்பை வண்டித் தொழிலாளி. வெள்ளிக்கிழமை சம்பளம் 76 டாலர் 42 சென்ட் முற்றத்தில்தான் ரோஸ் கைக்குப் போகிறது. மூத்த மகன் லயன்ஸ் கடன் கேட்டு வருவதும் அதே முற்றத்துக்குத்தான். சின்னவன் கோரி டிவி வாங்கலாம் என்கிறான். கூரைக்குத் தார் பூச 264 டாலர் வேண்டும் என்கிறார் டிராய். என்னை ஏன் உங்களுக்குப் பிடிப்பதே இல்லை என்று மகன் கேட்பதும் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான், வேலிப் பலகைக்கு நடுவில். பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, சோறும் துணியும் போடுவது என் கடமை என்று அப்பா சொல்லும் பதில் அந்தச் சூழலில் கொடூரமாக மட்டும் ஒலிப்பதில்லை. கணக்குத் தெரிந்த ஒருவரின் பதிலாகவும் ஒலிக்கிறது.

மண் யாருடையது? டிராயின் தம்பி கேப்ரியல் போரில் தலையில் காயம்பட்டு உலோகத் தகடு வைத்திருப்பவர். அதற்கு அரசு கொடுத்த 3,000 டாலரில் வாங்கியது அந்த வீடு. கடைசிச் சண்டை தொடங்குவதே வழி விடுவதில். டிராய் படிக்கட்டில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், கோரி அவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். வேறு வாசல் கிடையாது. அப்பா, 'என் முற்றம்' என்ற உரிமையில் பேசுகிறார்; மகன், இது உங்கள் முற்றமே இல்லை, சித்தப்பாவின் பணம் என்று முகத்தில் அடிக்கிறான். பேஸ்பால் மட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். உன் சாமான் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று டிராய் முடிக்கிறார். வேலி அப்போது எதையும் குறிக்கவில்லை. மகன் அதற்கு வெளியே நிற்கிறான்.

அப்படியானால் பொருளே வேண்டாமா, மரமும் வேலியும் வெறும் சாமான்களா என்று கேட்பார்கள். பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேலையிலிருந்து பிறக்கட்டும் என்கிறேன். டிராய் துரோகத்தை ஒப்புக்கொண்ட பிறகு, உன்னில் என்னை விதைத்துக் காத்திருந்தேன், மண் கடினமானது என்று தெரியப் பதினெட்டு வருஷம் ஆகவில்லை என்று ரோஸ் சொல்லும்போது அது உவமைதான். ஆனால் அந்த முற்றத்து மண்ணை ஒருமணி நேரத்துக்கு மேலாகப் பார்த்திருக்கிறோம். அது எவ்வளவு இறுகியது என்று நமக்கே தெரியும். ரோஸின் வார்த்தைக்குக் கனம் அந்தத் தரையிலிருந்து ஏறுகிறது. வில்சன் பிற்பாடு எழுதிய 'கிங் ஹெட்லி II' நாடகத்தில் கிங் ஒரு பொட்டலம் விதையைக் கொல்லையில் போடுகிறான், அவன் அம்மா ரூபி இந்த மண் ஆகாது என்கிறாள், அவன் பிறகு அந்தத் துண்டு நிலத்தைச் சுற்றி முள்கம்பி கட்டுகிறான். நம்பிக்கை என்று ஒரே சொல்லில் அதை மூடிவிடலாம். மூடினால் மண் சரியில்லை என்று அம்மா சொன்னது உண்மையா, அவனுக்கு வேறு மண் கிடைக்குமா என்ற கேள்வியும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.

'ஃபென்ஸஸ்' கடைசிக் காட்சி 1965-இல். டிராய் இறந்துவிட்டார், அன்று காலை அடக்கம். வேறொரு பெண்ணுக்குப் பிறந்து ரோஸ் கையில் வளர்ந்த ஏழு வயதுப் பெண் ரேனல் முற்றத்தில் குனிந்து தன் சிறு பாத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலி முழுதாக நிற்கிறது. கோரி ராணுவ உடையில் வாசலுக்கு வரப் போகிறான். ஒன்றும் முளைக்கவில்லையே என்கிறாள் குழந்தை. ஒரே ராத்திரியில் முளைக்காது, பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உடை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் ரோஸ்.